அறுபது ஆண்டுக்கு ஒரு பெயர்

எங்கள் ஆரம்பாக்கம் பக்கம் கடித உறையில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஒரே குப்பத்தில் அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் வேண்டும். ஊர்ப் பெயர்களுக்கும் இதே கதிதான். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். கம்ப்யூட்டருக்குள் போன கடிதத்துக்கும் இதே சிக்கல் உண்டு. சென்னையில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால் அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைத் தொடங்கிய நகரங்களில் நம் சென்னையும் ஒன்று. அப்போதைய முகவரிகளில் ‘கியாஸ்எம்டி01’ என்று வரும், சிலருக்கு நினைவிருக்கலாம். உலகெங்கும் அஞ்சலைச் சுமந்த மென்பொருள்களில் அன்று முக்கியமானது சென்ட்மெயில். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதியது.

அதில் ஒரு கடிதம் வந்தால் வரிசையில் இரண்டு ஃபைல்களாக உட்காரும். ‘டிஎஃப்’ என்று தொடங்குவது கடிதத்தின் வாசகம். ‘கியூஎஃப்’ என்று தொடங்குவது உறை மாதிரி: யாரிடமிருந்து, யாருக்கு, இதுவரை எத்தனை முயற்சி. வாசகம் மாறாது, உறையில்தான் ஒவ்வொரு முயற்சிக்கும் திருத்தி எழுத வேண்டும். அதனால் பிரித்து வைத்தார்கள். இரண்டும் ஒரே கடிதம் என்று சொல்வது பின்னால் வரும் பொதுப் பெயர் மட்டுமே.

அந்தப் பெயரில் முன்பு, கடிதத்தை வாங்கிய புரோகிராமுக்கு யூனிக்ஸ் கொடுத்த எண் இருக்கும். அந்த எண் ஓர் எல்லைவரை ஏறி மறுபடி கீழிருந்து தொடங்கும். நேற்றைய பெயர் இன்னொரு நாள் வேறு கடிதத்துக்கு வந்து நிற்கும். பதிவேட்டைப் புரட்டித் தேடுகிறவனுக்குத்தான் தலைவலி.

2000இல் வந்த 8.10 பதிப்பு இதைத் தீர்த்தது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி, அப்புறம் எண்கள். குறிகள் மொத்தம் 60: இலக்கம் 10, பெரிய ஆங்கில எழுத்து 26, சின்ன எழுத்து 24. அறுபது ஆண்டுக்கு ஒரு பெயர் திரும்ப வராது. பிரபவ முதல் அட்சய வரை நம் கணக்கும் அதுதானே! ஆல்மன் பாம்புப் பஞ்சாங்கம் பார்த்திருக்க மாட்டார். நிமிடத்துக்கும் நொடிக்கும் 60 குறி வேண்டியிருந்தது, ஆண்டும் அதற்குள் அடங்கிவிட்டது. 2000க்கு சின்ன ‘ஈ’, 2004க்கு சின்ன ‘ஐ’. நமக்குச் சார்வரி பிறந்த 2020இல் மறுபடி பூஜ்யம்.

இதற்கிடையே ஸ்பேம் தொல்லை பெருகியது. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஃபீல்ட் எழுதிய மெயில்ஸ்கேனரை நாங்களும் போட்டோம். அது வரிசையை இரண்டாக்கியது. வரும் கடிதம் முதல் வரிசையில் நிற்கும். சோதித்து நல்லதை இரண்டாவதற்குத் தள்ளும். சந்தேகமானதை அன்றைய தேதியிட்ட ஃபோல்டரில், அதே வரிசைப் பெயரோடு அடைத்து வைக்கும்.

2004இல் ஓர் இறால் ஏற்றுமதிக்காரருக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஆர்டர் வரவில்லை. அனுப்பியாயிற்று என்கிறார்கள் அங்கே. ஆர்டர் கையில் இல்லாமல் அவர் கரையில் சரக்கு எடுக்க மாட்டார். எடுக்காவிட்டால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஐஸ் பெட்டியோடு காத்திருப்பவர்களுக்கு அடிமாட்டு விலைதான். அதில் எங்கள் பக்கத்துக்காரர்களும் உண்டு.

பதிவேட்டில் அனுப்பியவர் முகவரியைத் தேடினேன். ‘ஐ’ என்று தொடங்கும் பெயரோடு ஒரு வரி. தேதி ஃபோல்டரில் அதே பெயரில் கடிதம் பத்திரமாக இருந்தது. முழுக்கப் பெரிய எழுத்து, வரிக்கு வரி டாலர், விலைக் குறைப்பு. ஸ்பேம் மதிப்பெண் ஐந்தைத் தாண்டியிருந்தது. இறால் வாங்குகிறவர் வேறு எப்படி எழுதுவார்?

விடுவித்த கடிதம் மாலைக்குள் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை வண்டி ஏரிக்கரைக்கு வந்தது. அதன்பின் அடைத்த கடிதங்களை 30 நாளுக்கு முன் அழிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.