ஏழரை ஆண்டு கண்ணில் படாத வழு

லினக்ஸ் கெர்னலில் என்_ஹெச்டிஎல்சி என்று ஒரு சின்ன டிரைவர் உண்டு. சீரியல் கார்டு காலத்து ஹெச்டிஎல்சி நெறிமுறைக்காக எழுதியது. இருபது வருட வேலையில் அந்த மாதிரி கார்டை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

2009 ஜூன் 22 அன்று அதில் ஒரு திருத்தம் சேர்ந்தது: தேங்கி நிற்கும் பஃபர்களைக் காலி செய்யும் வசதி. நல்ல நோக்கம்தான்.

சரி, எங்கே இடித்தது? டேட்டா அனுப்பும்போது பிழை வந்தால், மறுபடி அனுப்புவதற்காக அந்த பஃபரை டிரைவர் 'டிபஃப்' என்ற பாயின்டரில் பிடித்து வைத்திருக்கும். காலி செய்யும் ஃபங்ஷன் ஸ்பின்லாக் எடுத்துக்கொண்டுதான் டிபஃபைத் தொட்டது. அனுப்பும் ஃபங்ஷனோ லாக் இல்லாமலே தொட்டது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. இரண்டும் ஒரே சமயத்தில் ஓடினால், ஒரே பஃபர் ஃப்ரீ லிஸ்டில் இரண்டு தடவை சேரும். மூடும்போது அதே நினைவகம் இரண்டு தடவை விடுவிக்கப்படும். சாதாரணப் பயனர் ரூட் ஆக அந்த ஓட்டை போதும்.

'யாரும் பயன்படுத்தாத டிரைவர்தானே?' என்று கேட்கலாம். வினையே அங்கேதான். கார்டே வேண்டாம். ஒரு சூடோ டெர்மினலைத் திறந்து, அதன் லைன் டிசிப்ளினை மாற்றச் சொன்னால் கெர்னலே அந்த மாட்யூலை ஏற்றிக்கொள்ளும். ஃபெடோரா, டெபியன், உபுண்டு எல்லாவற்றிலும் அது மாட்யூலாகக் கிடந்தது.

கடைசியில் அலெக்சாண்டர் போபோவ் இதைப் பிடித்தார். சிஸ்டம் கால்களைத் தாறுமாறாக அழைத்துப் பார்க்கும் சிஸ்காலர் என்ற கருவி காட்டிய ஒரு கிராஷ்தான் துப்பு. 2017 மார்ச் 7 அன்று சிவிஇ-2017-2636 என்ற எண்ணோடு விஷயம் வெளியே வந்தது. ஏழரை ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. சனி பகவான்கூட அதற்குள் விலகியிருப்பார்!

அவருடைய திருத்தம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்னொரு லாக் சேர்க்கவில்லை, டிபஃபையே தூக்கிவிட்டார். பிழை வந்தால் பஃபர் வரிசைக்கே திரும்பிப் போகும். டிரைவர் சொந்தமாக வைத்திருந்த லிஸ்டுக்குப் பதில் கெர்னலின் பொது லிஸ்ட் வந்தது.

இதைப் படித்தபோது சுருக்கென்றது. சில வருடம் முன்பு ஒரு ரிவ்யூவில், "லாக் எடுத்திருக்கு, ஓகே" என்று நானே தட்டிவிட்ட கோடு புரொடக்‌ஷனில் விழுந்தது. மாற்றிய வரிகளில் லாக் இருந்தது. அதே வேரியபிளைத் தொடும் இன்னொரு ஃபைலில் இல்லை. அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் 'லாக் இருக்கா?' என்று கேட்பதில்லை. 'இந்த லாக் எதைக் காக்குது, அதை வேற யாரெல்லாம் தொடுறாங்க?' என்றுதான் கேட்கிறேன்.