கொப்பி என்னும் சொல்

தமிழகத்து மாணவர் ‘நோட்டு’ என்பதை ஈழத்து மாணவர் ‘கொப்பி’ என்பர். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இச்சொல்லை அறியாத பிள்ளை இல்லை. பிறமொழிச் சொல்லென இதனை விலக்க விழைவோர், இதன் பொருளை ஒருகால் எண்ணுதல் தகும்.

ஆங்கிலத்திலிருந்து வந்த இச்சொல்லின் மூலம் ‘கோப்பியா’ என்னும் இலத்தீன் சொல்லாகும். வளத்தைக் குறித்த அது, இடைக்காலத்திலே பெயர்த்தெழுதிய படியையும் குறிக்கலாயிற்று. மேல்வரியைப் பார்த்துக் கீழே எழுதிப் பழகும் புத்தகம் அப்பெயர் பெற்றது. மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் கல்விப்பணி தொடங்கினர். அத்தகைய கல்வியோடு இச்சொல்லும் பரவியிருத்தல் வேண்டும்.

பெயர் புதிதாயினும் தொழில் புதிதன்று. கண்ணகியம்மன் சடங்கிற் படிக்கப்படும் வழக்குரையும் கூத்துப் பாடல்களும் பனையோலையில் வாழ்ந்தவை. ஓலையைச் செல்லரிக்கும், ஆதலின் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுதல் தலைமுறைதோறும் கடனாயிற்று. கூத்துக்களரியில் ஏடு பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் ‘ஏட்டண்ணாவியார்’ எனப்பட்டார். காலப்போக்கில் அவர் கைக்கும் கொப்பி வந்து சேர்ந்தது.

பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையை அச்சிற் பதிப்பித்தார். பெயரறியாதோர் பலர் முன்னர்ப் படியெடுத்திராவிடின், பதிப்பிக்க நூல் ஏது?

தமிழிலே ‘படி’ என்பது பிரதியையும் குறிக்கும்; கற்குமாறு ஏவுதலையும் குறிக்கும். பார்த்தெழுதுவதும் கற்பதும் நம் முன்னோர்க்கு அணுக்கமான தொழில்களே. கொப்பி என்னும் வந்தேறிச் சொல் அப்பழந்தொழிலையே சுட்டுகின்றது. சொல்லை மாற்றுவதிலும் முதன்மையானது, எஞ்சிய ஏடுகளைப் படியெடுத்தலாம்.