மடக்குக்கத்தியும் மூணு அங்குலமும்

போன வாரம் எங்க தெருப் பையன் ஒருத்தன் ஆவடியிலேர்ந்து லண்டனுக்கு ஆன்சைட் கிளம்பினான். பெட்டியில ஒரு மடக்குக்கத்தி. "செக்-இன் பெட்டியில தானேண்ணா வெக்கறேன், தப்பில்லையே?"ன்னான். விமானத்துக்குத் தப்பில்லைங்க. இறங்கினப்புறம் தான் மேட்டரே.

நம்ம ஊர்க் கணக்கு வேற. 1878-ல், லிட்டன் பிரபு காலத்துல வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியன் லைசென்ஸ் இல்லாம ஆயுதத்தோட நடமாடக்கூடாது. ஐரோப்பியர்களுக்கு மட்டும் விலக்கு! சுதந்திரத்துக்கு அப்புறம் 1959-ல் தான் அதை எடுத்துட்டு வேற சட்டம் போட்டாங்க. 1962 விதிகள்ல ஒரு அளவு வந்தது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தா தான் கத்தி ஆயுதப் பட்டியல்ல சேரும். சமையல், விவசாயக் கத்திக்கு அதுலயும் விலக்கு.

அன்னிக்கு நமக்கு மட்டும் தடை போட்டவங்க ஊர்ல, இன்னிக்கு எல்லாருக்கும் கெடுபிடி. 1988 சட்டப்படி பொது இடத்துல காரணம் கேக்காம விடணும்னா மடக்குக்கத்தியா இருக்கணும், வெட்டற பக்கம் 3 அங்குலத்துக்குள்ள இருக்கணும். 1993-ல் ஒரு வழக்குல கோர்ட் இன்னொண்ணும் சொல்லிடுச்சு: விரிச்சதும் லாக் ஆனா அது மடக்குக்கத்தியே இல்லை!

பையனோட கத்தியை விரிச்சுப் பார்த்தேன். ரெண்டரை அங்குலம் தான். ஆனா 'டிக்'னு லாக் ஆச்சு.

"ஆப்பிள் நறுக்கத் தானேண்ணா..."

"அந்தக் காரணத்தை நீ தான்டா நிரூபிக்கணும். இல்லேன்னா அதிகபட்சம் 4 வருஷம் ஜெயில்."

கத்தி இப்போ அவங்க அம்மாகிட்ட. தினம் பால் பாக்கெட் வெட்டுது.