அக்கினி சாட்சியும் பதிவேட்டுக் கையொப்பமும்

தீயை வலம் வந்து, ஏழடி எடுத்து வைத்து, மங்கல நாண் பூட்டுவதே இந்துத் திருமணம் என்பது நம் காலனிப் பெரியோர் பலருடைய கருத்து. பிறமொழியாரோடும் பிறமதத்தாரோடும் ஒன்றாய்ப் பயின்று ஒன்றாய்ப் பணிபுரியும் நம் மக்களோ, "பதிவாளர் முன் நடப்பது திருமணம் ஆகாதா?" என்று வினவுகின்றனர். இவ்வினாவுக்கு நெடிய வரலாறு உண்டு.

மணமுறை என்றும் ஒன்றாக இருந்ததில்லை. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் மணல் பரப்பிய பந்தரும், உழுந்துக் களியும், மகப்பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்துவதும் காண்கிறோம். வேள்வித் தீ அங்கே இல்லை. சிலப்பதிகாரத்திலோ முதுபார்ப்பான் நெறிகாட்ட, கோவலனும் கண்ணகியும் தீவலம் செய்கின்றனர். மனு நூல் எட்டு வகை மணங்களைக் கூறுகிறது.

மதங்கடந்த மணத்திற்குச் சட்டம் வழிவிட்டது 1872-இல்தான். வங்கத்துப் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேனர், சடங்கின்றி நடக்கும் தம் மரபினர் திருமணங்கள் செல்லுபடியாக வேண்டுமென்று முயன்றதன் பயன் அது. (அவரே 1878-இல் பதினான்கு நிரம்பாத தம் மகளைக் கூச்பிகார் அரசருக்கு மணம் முடித்துச் சமாஜம் பிளவுபடக் காரணமானார் என்பது வேறு கதை.) ஆனால் அச்சட்டத்தில் ஒரு முள் இருந்தது. மணமக்கள் இருவரும், தாம் இந்துவோ, இசுலாமியரோ, கிறித்தவரோ, பார்சியோ, சீக்கியரோ, பௌத்தரோ, சமணரோ, யூதரோ அல்லர் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். இருப்புப்பாதை அலுவலகத்தில் நாள்தோறும் படிவங்களோடு உழல்பவன் நான். இத்தகைய கொடிய படிவத்தைக் கண்டதில்லை. கோயிலுக்குச் செல்லும் பெண், விரும்பியவனை மணப்பதற்காகத் தன் தெய்வத்தையே மறுத்தெழுத நேர்ந்தது!

1923-இல் ஹரிசிங் கௌர் முயற்சியால் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர் தமக்குள் மணப்பதற்கு அம்மறுப்புத் தேவையில்லை என்று திருத்தம் வந்தது. அதற்கும் விலை வைத்தனர். அவ்வாறு மணந்தவன் கூட்டுக் குடும்பத்தினின்று பிரிந்தவனாகக் கருதப்பட்டான். அவனையன்றி வேறு ஆண்மகன் இல்லாத தந்தை, பிறனொருவனைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதி வைத்தனர். மகன் உயிரோடிருக்க, மகனில்லாதவர்க்குரிய உரிமை தந்தைக்கு!

இந்துவும் பார்சியும் மணப்பதற்கு அப்போதும் பழைய மறுப்புப் படிவமே. 1942 மார்ச் 26-இல் அலகாபாத்தில் இந்திரா நேருவும் பெரோஸ் காந்தியும் வைதிக முறையில் மணந்தபோது, தத்தம் மதத்தைத் துறக்காமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இந்திராவின் தந்தை பிரதமராயிருந்த 1954-இல் இயற்றப்பட்ட சிறப்புத் திருமணச் சட்டமே அம்முள்ளைக் களைந்தது. எம்மதத்தாரும் எம்மதத்தாரையும், தம் மதத்தை விடாமலே மணக்கலாமாயிற்று. குடும்பப் பிரிவினை விதி மட்டும் நீடித்தது. மணமக்கள் இருவரும் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தினராயின் அது பொருந்தாது என்று 1976-இல் திருத்தினர்.

1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் நம் காலனிக்கு நெருக்கமானது. அதன்படி சீக்கியர், சமணர், பௌத்தரும் இந்து என்னும் சொல்லில் அடங்குவர். மணமக்களில் எவரேனும் ஒருவருடைய குல வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும். எனவே தமிழ்ப் பெண் பஞ்சாபிச் சீக்கியரை மணப்பின், அச்சட்டத்தின் கண்ணில் அது மதக்கலப்பு மணமே அன்று. ஏழடியும் எல்லோர்க்கும் கட்டாயமன்று. அச்சடங்கு உள்ள வழக்கத்தார்க்கே ஏழாம் அடியில் மணம் நிறைவுறும்.

புரோகிதரின்றி மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ மணப்பதைச் சென்னைச் சட்டமன்றம் 1967-இல் ஏற்றது. அத்திருத்தம் தமிழ்நாட்டிற்கென இயற்றப்பட்டது. ஆதலின் வெளிமாநிலத்தில் அம்முறையை விரும்புவோர் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் மணம் செய்துகொள்வது நலம். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். பதிவாளர் முன் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் உறுதிமொழியை இருவருக்கும் விளங்கும் எம்மொழியிலும் கூறலாம், தமிழிலும் கூறலாம்.