பனியில் விழுந்த பணம்: மலை திரில்லர் பிறந்த கதை

1950 நவம்பர் 3. பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம், ஜெனீவாவில் இறங்க வேண்டிய நேரத்தில் பிரான்சின் மோன் பிளாங்க் மலையில் மோதி நொறுங்கியது. 48 பேரும் போய்விட்டார்கள். பயணிகளில் பெரும்பாலோர் கப்பல் வேலைக்குப் புறப்பட்ட நம் நாட்டு மாலுமிகள். தேடி ஏறிய குழுவில் ரெனே பாயோ என்ற மலை வழிகாட்டியும் பனிச்சரிவில் சிக்கி உயிரை விட்டார்.

கயிறும் துப்பாக்கியும் பணப்பெட்டியுமாக ஓடுகிற ஹாலிவுட் மலை திரில்லருக்கு விதை இந்த விபத்தில்தான் விழுந்தது என்பது என் கட்சி.

மலைப் படம் அதற்கு முன்பே இருந்தது. அதைப் பெற்றெடுத்தவர் அர்னால்டு ஃபாங்க். நிலவியல் படித்து முனைவர் பட்டம் வாங்கிய ஜெர்மன்காரர். 1920-இல் ஃப்ரைபர்க் நகரில் மலைக்கும் பனிச்சறுக்குக்கும் என்றே ஒரு படக் கம்பெனி தொடங்கினார். கேமராக்காரனுக்கு மலையேறக் கற்றுக்கொடுப்பதை விட மலையேறத் தெரிந்தவன் கையில் கேமராவைக் கொடுத்துவிடுவது சுலபம் என்று நினைத்தவர் போலத்தான் அவருடைய படப்பிடிப்புக் குழு இருந்தது. 1929-இல் ஜி. டபிள்யூ. பாப்ஸ்டுடன் சேர்ந்து அவர் எடுத்த ‘பிட்ஸ் பாலுவின் வெள்ளை நரகம்’ படத்தில் வில்லனே கிடையாது. பனிப்பிளவில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு டாக்டர், ஓர் இளம் ஜோடி, இறங்க வழியில்லாத ஒரு பாறை விளிம்பு. தன் மேல்சட்டையைக் கழற்றி அந்தப் பையனுக்குப் போர்த்திவிட்டு டாக்டர் உறைந்து சாகிறார். அவ்வளவுதான் கதை. அந்தப் படத்தில் நடித்த லெனி ரீஃபன்ஸ்தால் பின்னாளில் ஹிட்லருக்குப் பிரச்சாரப் படம் எடுக்கப் போனார். மலையுச்சி வழிபாட்டுக்கும் தலைவன் வழிபாட்டுக்கும் உறவு உண்டு என்று ஸீக்ஃப்ரீட் கிராகாவர் 1947-இல் எழுதிய புத்தகம் இன்றுவரை இந்த வகைப் படங்களை விடாமல் துரத்துகிறது. அவர் சொன்னதில் பாதி சரி என்றே எனக்குப் படுகிறது.

ஃபாங்க் படங்களில் மலை உண்டு, கயிறு உண்டு, சாவும் உண்டு. பேராசை மட்டும் இல்லை. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஆன்ரி த்ரோயா. மலபார் பிரின்சஸ் விபத்தை மனதில் வைத்து 1952-இல் அவர் ஒரு பிரெஞ்சு நாவல் எழுதினார். அது 1956-இல் எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கத்தில் ‘தி மௌன்டன்’ என்று ஹாலிவுட் படமாக வந்தது. இந்தியாவிலிருந்து வந்த விமானம் உச்சியில் விழுந்து கிடக்கிறது. பழைய வழிகாட்டியான அண்ணன் மலையே வேண்டாம் என்று ஒதுங்கி ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறான். தம்பியோ செத்தவர்களின் பையைத் துழாவ மேலே போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தனியாக விட்டால் செத்துவிடுவானே என்று அண்ணனும் கூட ஏறுகிறான். மேலே போனால் ஓர் இந்தியப் பெண்ணுக்கு உயிர் இருக்கிறது. அவளை இறக்குவதா, பணத்தை இறக்குவதா? (அண்ணனாக ஸ்பென்சர் டிரேசி, தம்பியாக ராபர்ட் வாக்னர். இருவருக்கும் 30 வயது வித்தியாசம். அப்பா மகன் என்று சொல்லியிருந்தால் நாமும் பேசாமல் நம்பியிருப்போம்.)

இந்த எலும்புக்கூட்டை அப்படியே எடுத்து 1993-க்குள் வையுங்கள். மலையில் விழுந்த விமானம், பனியில் சிதறிய பணம், மலை தெரிந்த ஒருவனை மிரட்டி ஏற வைக்கும் கூட்டம். ரென்னி ஹார்லின் இயக்கி சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்த ‘கிளிஃப்ஹேங்கர்’ வந்துவிட்டது. கதை நடப்பது அமெரிக்காவின் ராக்கி மலையில், எடுத்தது பெரும்பாலும் இத்தாலியின் டோலமைட் மலைகளில். ஸ்டாலோனுக்காகப் பாறையில் தொங்கியவர்களில் ஒருவர் வொல்ஃப்காங் குல்லிச், அந்தக் காலத்தில் உலகின் முதல் வரிசை ஏற்றக்காரர். படம் வருவதற்கு முன்பே, 1992-இல், சாலை விபத்தில் இறந்தார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

அந்தப் படத்தில் ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு நடுவானில் ஒருவர் கம்பியில் போவார். சைமன் கிரேன் என்ற சண்டைக் கலைஞர் நிஜமாகவே செய்தது. கூலி 10 லட்சம் டாலர், கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. ஆனால் படம் பார்த்தவரிடம் கேளுங்கள், சொல்வது அதையாக இருக்காது. முதல் பத்து நிமிடத்தில் இரண்டு பாறைக்கு நடுவே கட்டிய கயிற்றில் ஒரு பெண் நகர்ந்து வருகிறாள். இடுப்பு வாரின் கொக்கி விட்டுப்போகிறது. ஸ்டாலோன் எட்டி அவள் கையைப் பிடித்துவிடுகிறார். பிடித்தது கையை அல்ல, கையுறையை. கை கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, கடைசியில் வெறும் கையுறை மட்டும் அவரிடம் மிஞ்சுகிறது. கோடி டாலர் வேட்டையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

துப்பாக்கிச் சண்டையில் குண்டு யார்மேல் படும் என்பதை இயக்குநர் முடிவு செய்கிறார், அது நமக்கும் தெரியும். கீழே விழுவது அப்படி இல்லை. மொட்டை மாடிச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்த எவருக்கும் அந்தக் கூச்சம் உள்ளங்காலில் தெரியும். கதாநாயகன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் பூமி அவனைக் கூடுதல் மரியாதையோடு இழுப்பதில்லை. 2000-இல் வந்த ‘வெர்ட்டிகல் லிமிட்’ படத்தின் தொடக்கத்தில், பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று தன் கயிற்றை அறுக்கச் சொல்லி மகனிடம் கெஞ்சுகிறார் ஓர் அப்பா. பிறகு அந்தப் படம் கே2 மலையில் எத்தனை வெடி வெடித்தாலும் அந்தக் கத்தியின் பக்கத்தில் வரவில்லை.

இனி நம் ஊர் மலைக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வரும் வழி முழுக்க மேற்கே மலை கூடவே வருகிறது. இங்கே மலை என்பது ஏறி ஜெயிக்கிற பொருள் இல்லை. இராஜபாளையத்துக்கு ஒரு சஞ்சீவி மலை உண்டு, அனுமன் தூக்கிப் போனபோது சிந்திய துண்டு என்பார்கள். மலையேறுவானேன், மலையையே தூக்கிவிட்டால் போகிறது என்ற மரபு நம்முடையது! ஏறுகிறவர்கள் சாமிக்காகவும் சோற்றுக்காகவும் ஏறுகிறார்கள். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் காலில் செருப்பு இருக்காது. மேலே மழை பிடித்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும். 2015-இல் அப்படி வந்த வெள்ளம் பக்தர்கள் சிலரை அடித்துக்கொண்டு போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இந்தப் பக்கம் சேர்ப்பதைப் பேப்பரில் படிக்கிறோம். அங்கே நிற்கிறவனுக்கு அதுதான் முழுநீளத் திரில்லர்.

தமிழ் சினிமாவுக்கு மலை டூயட் பாட இடம், இல்லையென்றால் தலைமறைவுக்கு இடம். விலக்காக ஒரு படம் உண்டு, அதற்குப் பணம் போட்டவர் இராஜபாளையத்தில் பிறந்த விஜய் சேதுபதி. லெனின் பாரதி இயக்கி 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. அதை யாரும் திரில்லர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு காணி நிலத்துக்காகக் காசு சேர்க்கும் ரங்கசாமியின் ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும் இடத்தில் தியேட்டர் மூச்சை அடக்குகிறது. பனியில் சிதறிய டாலருக்கு வராத பதற்றம் ஏலக்காய்க்கு வருகிறது, ஏனென்றால் அந்த மூட்டைக்குள் ஒருவனுடைய வயலே இருக்கிறது.

2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளத்திலேயே வந்து தமிழ்நாட்டை அள்ளிக்கொண்டு போனதற்கும் காரணம் குணா குகைக்குள் இறங்கிய அந்தக் கயிறுதான். கூட்டம் இருக்கிறது. படம்தான் இல்லை.

மோன் பிளாங்க் கதைக்கு ஒரு பின்குறிப்பு. 1966 ஜனவரி 24-இல் அதே மலையில் ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ விமானமும் மோதி, அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தினுடையது என்று கருதப்படும் ஒரு பெட்டி 2013-இல் பனி உருகி வெளியே வந்தது. உள்ளே மரகதமும் மாணிக்கமும் நீலமும். கண்டெடுத்த மலையேற்றக்காரர் நேரே போலீசில் ஒப்படைத்தார். உரிமையாளர் யாரும் கிடைக்காததால் 2021-இல் பாதியை அவரிடமே கொடுத்தார்கள். சினிமாவில் எழுதினால் நம்ப மாட்டோம்.

நம் பக்கத்துக் கதைக்கு விமானமும் வேண்டாம், வைரமும் வேண்டாம். மலைத்தேன் எடுக்கக் கொடியைத் திரித்துக் கயிறாக்கிப் பாறை விளிம்பில் இறங்கும் பளியர்கள் இந்த மலைத்தொடரின் மக்கள். கீழே தேனீ, மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் ஆள். அந்த ஆளுக்கும் இறங்குகிறவனுக்கும் நேற்று ஒரு சண்டை என்று வைத்தால் போதும், இடைவேளை வரை தாங்கும். எடுக்க நினைக்கும் இயக்குநர்கள் செண்பகத்தோப்புப் பக்கம் வாருங்கள். 2021 முதல் இது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம், ஆகவே வனத்துறை அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள்.