காயத்திற்குக் கட்டுப் போடக் கடல் கடந்தவர்கள்



நம் மஹல்லாவில் மருத்துவமும் செவிலியமும் பயிலும் பிள்ளைகள் சிலர், படிப்பு முடிந்ததும் சில மாதங்கள் வெளிநாடு சென்று, மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களில் தொண்டு புரிய விரும்புவதாக நிர்வாகக் குழுவிற்கு விண்ணப்பம் அளித்துள்ளனர். பெரியவர்களுள் ஒரு சாரார் இதனை மகிழ்ந்து வரவேற்றனர். மற்றொரு சாரார், "உள்ளூரிலேயே நோயாளிகள் இருக்க, அயல்நாடு எதற்கு?" என்று வினவினர். இரண்டும் நியாயமான பேச்சே. நாம் இவ்விரண்டுக்கும் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. நூறாண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டு இளைஞர்கள் இத்தகைய பயணம் ஒன்றை மேற்கொண்டு என்ன செய்தார்கள், எதில் வென்றார்கள், எதில் தோற்றார்கள் என்பதை மட்டும் இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

காயமுற்றோரைப் பேணுவது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. அகழ்ப் போரில் அம்பு தைத்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்ட செய்தியை நாம் சீறா நூல்களில் படித்திருக்கின்றோம். ஆனால் 1912ஆம் ஆண்டில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களின் வரலாறு நம்மவரில் பலருக்குத் தெரியாது.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் மாண்டினீக்ரோ, பல்கேரியா, செர்பியா, கிரீஸ் ஆகிய நான்கு நாடுகளும் உதுமானிய அரசின்மீது போர் தொடுத்தன. சில வாரங்களுக்குள் அவ்வரசு ஐரோப்பாவில் தனக்கிருந்த நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. பல்கேரியப் படை, இஸ்தான்புல் நகருக்கு அரணாக இருந்த சதல்ஜா வரிசை வரை வந்துவிட்டது. நவம்பரில் அங்கே நடந்த போரில் அது தடுத்து நிறுத்தப்பட்டது உண்மையே. எனினும், அதற்குள் துருக்கிப் படையினுள் குண்டுகளை விடக் கொடிய பகை ஒன்று புகுந்திருந்தது. அதுதான் காலரா. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அந்நோயால் வீழ்ந்தனர். மறுபுறம், வீடு வாசலை இழந்த முஹாஜிர்கள் மாட்டுவண்டிகளில் வந்து குவிந்தனர். தலைநகரின் பள்ளிவாசல்கள் அகதி முகாம்களாயின.

இச்செய்திகள் நம் நாட்டை எட்டியபோது முஸ்லிம்களின் உள்ளம் துடித்தது. மௌலானா முஹம்மது அலீ அவர்கள் தம் 'காம்ரேட்' ஆங்கில வார இதழின் வாயிலாக நிதி திரட்டினார். பணம் மட்டும் போதாது, மருத்துவர்களும் செல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அக்குழுவிற்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் முக்தார் அஹ்மது அன்சாரி. ஐக்கிய மாகாணத்து காஸிப்பூர் மாவட்டத்தில் 1880இல் பிறந்த இவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நமக்கு உரிமையான மகிழ்ச்சி. பின்னர் பிரிட்டனுக்குச் சென்று உயர்பட்டங்கள் பெற்று, லண்டனில் சேரிங் கிராஸ் உள்ளிட்ட மருத்துவமனைகளில் பணியாற்றித் திரும்பி, தில்லியில் பெயர்பெற்ற மருத்துவராக விளங்கினார். வளர்ந்து வந்த தொழிலை அப்படியே விட்டுவிட்டு, 1912 டிசம்பரில் அவர் புறப்பட்டார்.

குழுவில் இருந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர். அவர்களுள் மருத்துவர்கள் மிகச் சிலரே. ஏனையோரில் பலர் இளைஞர்கள், அலிகர் கல்லூரியில் படிப்பை இடையில் நிறுத்தி வந்தவர்கள். பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான், சௌதரி கலீக்குஸ்ஸமான், அப்துர் ரஹ்மான் சித்தீக்கி, ஷுஐப் குறைஷி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். வங்கக் கவிஞர் இஸ்மாயீல் ஹுசைன் சிராஜியும் இத்தொண்டிற்காகத் துருக்கி சென்றார்.

மருத்துவம் படிக்காத மாணவர்கள் போர்முனையில் என்ன செய்ய முடியும்? இந்த வினாவை நாமும் எழுப்பினோம். விடை அக்கால மருத்துவத்தில் இருக்கின்றது. பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928இல்தான். அது மருந்தாகப் பயன்பாட்டிற்கு வந்தது 1940களில். எனவே 1912இல் ஒரு சிப்பாயின் தொடையில் வெடிகுண்டுச் சிதறல் பாய்ந்தால், அறுவை மருத்துவர் அதனை எடுத்துவிட்டதோடு அபாயம் நீங்கிவிடாது. சேறும் துணிநூலும் புகுந்த அக்காயம் சீழ் கொள்ளும்; அழுகல் ஏறினால் காலை வெட்ட நேரும், அல்லது உயிர் போகும். அதனைத் தடுக்க வல்லது ஒன்றே. நாள்தோறும் கட்டை அவிழ்த்து, காயத்தைக் கழுவி, கிருமிநாசினி இட்டு, கொதிக்க வைத்த துணியால் மீண்டும் கட்ட வேண்டும். வலியால் அலறும் மனிதனைப் பிடித்துக்கொண்டு, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, ஒருவர் முடிந்ததும் அடுத்தவர் என்று நாள் முழுதும் செய்ய வேண்டிய வேலை இது. நம் அரசு மருத்துவமனைகளில் டிரஸ்ஸர் என்று அழைக்கப்படுபவரின் வேலைதான். சிப்பாயின் கால் நிலைத்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் இந்தக் கைகளே முடிவு செய்தன.

காலராவிலும் இதே நிலைதான். நோயாளியின் மலத்தையும் வாந்தியையும் அப்புறப்படுத்துதல், நீரைக் காய்ச்சுதல், படுக்கையைச் சுத்தம் செய்தல் ஆகிய பணிகளுக்குப் பட்டம் தேவையில்லை, மனத்திண்மை தேவை. வசதியான குடும்பங்களில் பிறந்து கல்லூரி விடுதியில் வாழ்ந்த பிள்ளைகள் ஏற்றுக்கொண்ட வேலை இத்தகையது என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

அவர்கள் கிளம்பும் முன்பே, டிசம்பர் 3ஆம் நாள், தற்காலிகப் போர்நிறுத்தம் ஏற்பட்டிருந்தது. "தாமதமாகப் போகிறார்கள்" என்று எவரேனும் சொல்லியிருந்தால் அதைத் தவறென்று கூற இயலாது. ஆனால் 1913 பிப்ரவரி 3ஆம் நாள் போர் மறுபடியும் மூண்டது. சதல்ஜா வரிசைக்குப் பின்னே இருந்த ஓமர்லியில் குழுவினர் மருத்துவமனை நடத்தினர். கலிபோலி தீபகற்பத்தின் கழுத்துப் போன்ற பொலாயிரிலும் அம்மாதம் கடும் போர் நடந்தது; தார்தனெல்ஸ் நீரிணையின் கரையிலுள்ள சனக்கலேயிலும் நம்மவர்கள் பணியாற்றினர். டாக்டர் அன்சாரி எழுதிய கடிதங்கள் 'காம்ரேட்' இதழில் வெளியாகி, காசு கொடுத்தவர்களுக்கு அக்காசு என்னவாயிற்று என்பதைத் தெரிவித்தன. கணக்குக் காட்டும் இவ்வழக்கத்தை நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகின்றோம்.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. காயங்களைக் கட்டியதோடு குழுவின் தலைவர் நிற்கவில்லை. முஹாஜிர்களுக்கு அனடோலியாவில் ஒரு குடியேற்றம், மதீனாவில் ஒரு பல்கலைக்கழகம் என்று பெருந்திட்டங்களும் பேசப்பட்டன. நோக்கம் உயர்ந்ததே. எனினும் சில மாதங்கள் மட்டுமே தங்கவிருந்த விருந்தினர், மொழியும் நிலமும் அறியாத நாட்டில் மக்களைக் குடியமர்த்த எண்ணியது அவர்களின் சக்திக்கு மீறியது என்றே நாம் கருதுகின்றோம். 1914இல் உலகப்போர் வந்தது. பிரிட்டனும் துருக்கியும் எதிரெதிர் அணியில் நின்றன. திட்டங்கள் காகிதத்தோடு முடிந்தன. ஓமர்லியில் கட்டப்பட்ட கட்டுகளோ அதற்குள் தம் வேலையை முடித்திருந்தன.

குழு 1913 ஜூலையில் தாயகம் திரும்பியது. டாக்டர் அன்சாரி 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். ஜாமியா மில்லியா கல்விக்கூடத்தை வளர்த்து, 1936இல் காலமானார். கலீக்குஸ்ஸமான் பிற்காலத்தில் பாகிஸ்தான் சென்று கிழக்கு வங்காளத்தின் ஆளுநரானார்.

பெஷாவர் அப்துர் ரஹ்மான் மட்டும் திரும்பவில்லை. துருக்கிப் படையில் சேர்ந்து 1915இல் கலிபோலியில் போரிட்டார். 1920இல் தொடங்கப்பட்ட அனடோலு செய்தி நிறுவனத்தின் தொடக்க காலப் பணியாளர்களுள் ஒருவரானார். அங்காரா அரசின் தூதராக ஆப்கானிஸ்தானுக்கும் சென்றார். 1925ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் சுடப்பட்டு உயிர் நீத்தார். சுட்டவர்கள் அவரை ரவூப் பே என்னும் அரசியல் தலைவர் எனத் தவறாக எண்ணிவிட்டனர் என்பர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2023 பிப்ரவரி 6ஆம் நாள் தென் துருக்கியை நிலநடுக்கம் உலுக்கியபோது, இந்திய இராணுவத்தின் 99 பேர் கொண்ட மருத்துவக் குழு இஸ்கந்தரூன் நகரில் 30 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை அமைத்தது. இரு வாரங்களுக்குள் 3,000க்கும் மேற்பட்டோருக்கு அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. துருக்கியப் பெண்மணி ஒருவர் நம் இராணுவப் பெண் மருத்துவரைத் தழுவிக் கன்னத்தில் முத்தமிட்ட படத்தை அந்நாட்களில் வாசகர்களும் பார்த்திருப்பர்.

பிள்ளைகளின் விண்ணப்பம் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பரிசீலனைக்கு வருகின்றது. அதுவரை, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அனுமதி பெற்று, காயங்கட்டும் அறையில் பழகி வருமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டுள்ளோம். இருவர் ரமலானுக்கு முன்பே தொடங்கிவிட்டனர்.