இடிபடாத சிற்றாலயம்

ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே, எரிமலைப் பாறையொன்றின் உச்சியில் பழங்கோட்டையொன்று நிற்கின்றது. 1296ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1314இல் தோமஸ் றண்டோல்ப் என்னும் தளபதி 30 வீரருடன் இரவிலே செங்குத்தான பாறைமீதேறி அதனை மீட்டான். எனினும், பகைவர் மீண்டும் அதனை அரணாகக் கொள்ளலாகாதெனக் கருதிய மன்னன் றொபேட் புரூஸ், மீட்ட கோட்டையைத் தானே இடிப்பித்தான்.

ஒன்று மட்டும் தப்பியது. 1130ஆம் ஆண்டளவில் முதலாம் டேவிட் மன்னன் தன் அன்னை மார்கிரட்டின் நினைவாக எழுப்பிய சிறு தேவாலயமே அது. பின்னர் வெடிமருந்துக் களஞ்சியமாகி, யாவராலும் மறக்கப்பட்ட அவ்வாலயம், 1845இல் மீண்டும் இனங்காணப்பட்டது.

இன்று கோட்டைக்குச் செல்வோர் காணும் மதில்கள் பிற்காலத்தவை. மகன் தாய்க்கெடுத்த அச்சிற்றாலயமோ, அவற்றுக்கெல்லாம் மூத்ததாய், அந்நகரின் மிகப் பழைய கட்டடமாய் நிலைத்து நிற்கின்றது.